வக்கீல் வைக்கக் காசில்லையா? கைதான நாளிலிருந்து ஜாமீன் வரை இலவச சட்ட உதவி பெறும் வழி

தம்பியைப் போலீஸ் அழைத்துப் போன மறுநாள் காலை, கோர்ட் வாசல் டீக்கடையில் ஒருவர் சொன்னார்: "அரசு வக்கீலைப் போய்ப் பாருங்கம்மா, அவங்க காசு வாங்க மாட்டாங்க." நானும் விசாரித்துக்கொண்டு போய் அந்த அறை வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். உள்ளே கூப்பிட்டதும், தம்பி எங்கே நின்றான், யார் முதலில் கை ஓங்கியது, கட்டை யார் கையில் இருந்தது என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பாதியில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அம்மா, நான் உங்க தம்பிக்கு எதிரா வாதாடப் போற ஆள். இதையெல்லாம் என்கிட்ட சொல்லக் கூடாது. பின்னாடி கட்டடத்துல சட்ட உதவி ஆபீஸ் இருக்கு, அங்க போங்க."

நல்ல மனிதர். நான்தான் அங்கே போகவில்லை. படியிறங்கும்போதே ஒரு புரோக்கர் பிடித்துக்கொண்டார். வளையலை அடகு வைத்து 25,000 ரூபாய் கொடுத்தேன். அவர் காட்டிய வக்கீல் இரண்டு வாய்தாவுக்கு வந்தார். அப்புறம் போனை எடுக்கவில்லை. 23-ஆம் நாள்தான் சட்ட உதவி அலுவலகத்தின் படியேறினேன். தம்பி மொத்தம் 41 நாள் உள்ளே இருந்தான். அதில் பாதிக்கு மேல் எனக்கு வழி தெரியாததால் போன நாட்கள்.

தமிழ்நாட்டில் குற்ற வழக்கில் மாட்டியவரின் வீட்டாருக்காக இதை எழுதுகிறேன். விவாகரத்து, ஜீவனாம்சம், சொத்துத் தகராறு ஆகியவற்றுக்கும் அதே அலுவலகம்தான் உதவுகிறது. ஆனால் நடைமுறை வேறு, அதற்குள் நான் போகவில்லை.

1. பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

அரசு வக்கீல் என்பவர் போலீஸ் தரப்புக்காக வாதாடுபவர். உங்கள் ஆளுக்கு அரசு செலவில் வக்கீல் வைத்துத் தருவது சட்டப்பணிகள் ஆணைக்குழு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். நானும் அதில் ஒருத்தி.

ஆணைக்குழு மூன்று அடுக்கில் இருக்கிறது. தாலுகா கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப்பணிகள் குழு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. இதன் தலைவர் மாவட்ட நீதிபதி, ஆனால் அன்றாடம் நடத்துபவர் செயலாளர், அவரும் ஒரு நீதிபதிதான். சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டி மாநில ஆணைக்குழு. இது தவிர, உயர் நீதிமன்ற வழக்குகளுக்கென்று சென்னையிலும் மதுரையிலும் தனித்தனிக் குழுக்கள் உண்டு. பல மாவட்டங்களில் அலுவலகக் கட்டடத்தின் மேல் 'மாற்றுமுறைத் தீர்வு மையம்' என்றுதான் எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு வேறு ஏதோ ஆபீஸ் என்று திரும்பிவிடாதீர்கள்.

அங்கே இரண்டு வகை வக்கீல்கள் கிடைப்பார்கள். ஒன்று, எப்போதும் வெளிவழக்கும் நடத்திக்கொண்டு, ஆணைக்குழு ஒப்படைக்கும் வழக்கையும் பார்க்கும் பேனல் வக்கீல். இன்னொன்று, 2022-க்குப் பிறகு வந்த முழுநேர வக்கீல்கள். கோர்ட்டில் இவர்களை 'எல்.ஏ.டி.சி.' (லீகல் எய்ட் டிஃபென்ஸ் கவுன்சில்) என்பார்கள். ஆணைக்குழு மாதச் சம்பளம் தருகிறது. வெளியே தனியாக வழக்கு எடுக்கக் கூடாது என்பது விதி. ஒப்பந்த வேலை என்பதால் சரியாக நடத்தாவிட்டால் நீட்டிப்பு கிடைக்காது. தலைமை வக்கீலுக்குக் குறைந்தது 10 வருடம் குற்ற வழக்கு அனுபவம் இருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு இப்போது பெரும்பாலும் இவர்களைத்தான் ஒதுக்குகிறார்கள். அடி வாங்கியவர், புகார் கொடுத்தவர் தரப்பு என்றால் பேனல் வக்கீல்தான் வருவார்.

2. உங்களுக்குத் தகுதி உண்டா?

1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், வெள்ளம், வன்கொடுமை போன்றவற்றால் பாதிக்கப்பட்டவர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. மற்றவர்களுக்கு மட்டும் வரம்பு உண்டு. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் வரை போகும் வழக்கென்றால் 5 லட்சம்.

இந்தப் பட்டியலில் 'காவலில் இருப்பவர்கள்' என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சிறையில் இருப்பவர் எந்தச் சாதி, என்ன வருமானம் என்ற கேள்விக்கே இடமில்லை. தெரியாமல் நான் வருமானச் சான்றுக்காக இ-சேவை மையத்துக்கும் கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கும் நான்கு நாள் அலைந்தேன். கடைசியில் அதை யாரும் கேட்கவே இல்லை.

ஜாமீனில் வெளியே இருப்பவர், அல்லது கைதாகாமல் சம்மன் மட்டும் வந்தவர் என்றால்தான் வருமானக் கணக்கு வரும். அப்போதும் வருமானச் சான்று கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 'என் ஆண்டு வருமானம் இவ்வளவு' என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் அதையே ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு. சந்தேகப்பட ஏதாவது காரணம் இருந்தால்தான் மறுக்கலாம். கவுண்டரில் "சர்டிபிகேட் எங்கே" என்று கேட்டால், "அபிடவிட் தர்றேன் சார், சான்றிதழ் பின்னாடி வரும்" என்று சொல்லிப் பாருங்கள். பொய் வருமானம் மட்டும் எழுதிவிடாதீர்கள். பின்னால் தெரிந்தால் உதவியை நிறுத்திவிடுவார்கள்.

3. கைதான அன்றே செய்ய வேண்டியது

ஸ்டேஷனிலிருந்தே வக்கீல் கேட்கலாம். விசாரணைக்கு என்று கூப்பிட்டு உட்கார வைத்திருக்கும்போதும் கேட்கலாம். 15100 என்ற எண் இலவசம். இந்தியா முழுவதற்கும் இதே எண். கூப்பிடுவதற்கு முன் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: ஆளின் பெயர், தகப்பனார் பெயர், வயது, எந்த ஸ்டேஷன், எத்தனை மணிக்குக் கூட்டிப் போனார்கள், தெரிந்தால் குற்ற எண், அதாவது முதல் தகவல் அறிக்கையின் எண். பதற்றத்தில் எனக்குத் தம்பி வயதே மறந்துவிட்டது.

கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டாருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், அதாவது பி.என்.எஸ்.எஸ்.ஸிலும், இவை அப்படியே இருக்கின்றன. விசாரணையின்போது வக்கீலைப் பார்க்கவும் உரிமை உண்டு. ஆனால் விசாரணை முடியும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க முடியாது.

சின்ன வழக்கு என்றால் அது ஜாமீனில் விடக்கூடிய பிரிவா என்று முதலில் கேளுங்கள். அப்படியானால் ஸ்டேஷனிலேயே விட்டாக வேண்டும். ஜாமீன்தார் கிடைக்காத ஏழை என்றால் அவரே எழுதிக் கொடுக்கும் சொந்தப் பிணையில் விடச் சொல்கிறது பி.என்.எஸ்.எஸ்.ஸின் 478-ஆம் பிரிவு. கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரைக் கொண்டுவர முடியவில்லை என்றாலே அவரை ஏழை என்று கருத வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

ரிமாண்ட் நேரம்தான், அதாவது மாஜிஸ்திரேட் முன் நிறுத்திக் காவலில் வைக்க உத்தரவு வாங்கும் நேரம்தான், முக்கியமானது. பெரும்பாலும் மாலையில், சில சமயம் ராத்திரியில் மாஜிஸ்திரேட் வீட்டில்கூட நடக்கும். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். "வக்கீல் இருக்காரா?" என்ற கேள்வி வரும். தம்பி என்ன சொன்னான் தெரியுமா? "வீட்ல வெப்பாங்க." கௌரவம். அந்த ஒரு வாக்கியத்தால், அன்றைக்குப் பணியில் இருந்த சட்ட உதவி வக்கீல் ஒதுங்கிவிட்டார். உங்கள் ஆளைப் பார்க்க ஒரே ஒரு நிமிடம் கிடைத்தாலும் இதைச் சொல்லிவிடுங்கள்: "வக்கீல் இல்லை, அரசு செலவுல வெச்சுத் தாங்கன்னு கேளு." ரிமாண்டுக்கு வரும் அந்த வக்கீல் காசு கேட்க மாட்டார். வீட்டார் பின்னால் வேறு ஆள் வைத்தாலும் பாதகமில்லை. உடம்பில் அடி, காயம் இருந்தால் அதையும் மாஜிஸ்திரேட்டிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய நேரம் இதுதான்.

4. விண்ணப்பம் கொடுப்பது

வழிகள் நிறைய உண்டு. நேரில் போய் அச்சடித்த படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாம். வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அங்கே இருக்கும் சட்டத் தன்னார்வலர் எழுதித் தருவார். தேசிய ஆணைக்குழுவின் இணையதளம் வழியாகவும் அனுப்பலாம். சிறைக்குள்ளேயும் சட்ட உதவி மையம் உண்டு. உள்ளே இருப்பவர் எழுதிக் கொடுப்பதைச் சிறை அதிகாரி ஆணைக்குழுவுக்கு அனுப்பி வைப்பார்.

என் அனுபவத்தில் நேரில் போவதுதான் வேகம். காலை 10 மணிக்கு முன்பே போய்விடுங்கள். கோர்ட் ஆரம்பித்துவிட்டால் வக்கீல்கள் எல்லாரும் ஹாலுக்குப் போய்விடுவார்கள். மதியச் சாப்பாட்டு இடைவேளையில்தான் பிடிக்க முடியும்.

விண்ணப்பத்தில் கதை எழுத வேண்டாம். குற்ற எண், ஸ்டேஷன், எந்த கோர்ட், ரிமாண்ட் தேதி, எந்தச் சிறை, உங்கள் போன் நம்பர், இவ்வளவு இருந்தால் போதும். கொடுத்ததும் நகலில் சீல் போட்டுத் தேதியோடு வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தின் மீது உடனே, அதிகபட்சம் 7 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. அந்த 7 நாளை எண்ணுவதற்கு அந்த சீல்தான் ஆதாரம். காவலில் இருப்பவருக்கு அவ்வளவு நாள் ஆகாது. எனக்கு மறுநாளே வக்கீல் பெயர் சொல்லிவிட்டார்கள்.

மறுத்துவிட்டால் காரணம் கேளுங்கள். ஆணைக்குழுத் தலைவருக்கு, அதாவது மாவட்ட நீதிபதிக்கு, மேல்முறையீடு செய்யலாம். அங்கே எடுக்கும் முடிவே கடைசி.

ஏற்கெனவே தனியார் வக்கீல் வக்காலத்து (இவர் எனக்காக வாதாடலாம் என்று கைதானவர் கையெழுத்துப் போட்டுத் தரும் காகிதம்) போட்டிருந்தால், என்னைப் போல ஒரு சிக்கலில் மாட்டுவீர்கள். பழைய வக்கீல் 'ஆட்சேபனை இல்லை' என்று எழுதிக் கொடுத்தால்தான் புதிய வக்காலத்தைச் சுலபமாகச் சேர்க்க முடியும். போனை எடுக்காதவரிடம் எப்படிக் கையெழுத்து வாங்குவது? கோர்ட்டில் அனுமதி மனு போட்டுத்தான் மாற்றினார்கள். அதில் மூன்று நாள் போனது. தனியார் வக்கீல் ஒரு பக்கம், சட்ட உதவி ஒரு பக்கம் என்று இரண்டு குதிரையில் சவாரி செய்ய நினைத்தாலும் உதவியை நிறுத்திவிடுவார்கள்.

5. ஒரு பையில் போட்டுவைக்க வேண்டியவை

மஞ்சள் பையோ பிளாஸ்டிக் கவரோ, எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் முக்கியம். பாலியல் குற்றம் போன்ற சில வகை வழக்குகள் தவிர மற்றவற்றைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே எடுக்கலாம். கிடைக்காவிட்டால் கோர்ட்டில் நகல் மனு போட்டு வாங்க வக்கீலிடம் சொல்லுங்கள். அப்புறம் கைதானவரின் ஆதார், குடும்ப அட்டை, உங்கள் ஆதார். வருமான வரம்பு வழியாக வருபவர் என்றால் உறுதிமொழிப் பத்திரம், பட்டியல் சாதி என்றால் சாதிச் சான்று. ஆஸ்பத்திரிச் சீட்டு, மருந்துச் சீட்டு, வேலை செய்யும் இடத்துக் கடிதம், குழந்தைகளின் பள்ளிச் சான்று ஆகியவை ஜாமீன் மனுவில் இணைக்க உதவும். 18 வயது ஆகவில்லை என்றால் பிறப்புச் சான்றை எடுத்துக்கொண்டு ஓடுங்கள். அந்தப் பையன் சிறையில் இருக்கவே கூடாது. இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்புதான் நிறுத்த வேண்டும்.

வெள்ளைத் தாளில் மட்டும் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

6. வக்காலத்து: சிறைக்குப் போய்த் திரும்பும் காகிதம்

வக்கீல் ஒதுக்கியதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் உள்ளே இருப்பவர் கையெழுத்துப் போட்ட வக்காலத்து வேண்டும். அது தம்பியின் கையெழுத்துதான் என்று சிறை அதிகாரி சான்றளித்துச் சீல் வைக்க வேண்டும். சட்ட உதவி வக்கீல்களே சிறைக்கு வாரம்தோறும் போகும்போது வாங்கி வருவார்கள். அவசரம் என்றால் வீட்டார் மனு போட்டுப் பார்க்கப் போகும்போது கொண்டு போகலாம்.

நான் கொண்டு போனேன். வரிசையில் நின்று, ஆதாரைக் காட்டி, காகிதத்தை உள்ளே கொடுத்துவிட்டு, வெளியே புங்க மரத்தடியில் மூன்று மணி நேரம். திரும்பி வந்ததைப் பார்த்தால் தம்பியின் கையெழுத்து இருக்கிறது, அதிகாரியின் கையெழுத்தும் இருக்கிறது, சீல் இல்லை. கேட்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுநாள் மறுபடியும் பஸ். எனவே காகிதம் கைக்கு வந்ததும் கேட்டை விட்டு நகராமல் நான்கைப் பாருங்கள்: கைதியின் கையெழுத்து அல்லது ரேகை, அதிகாரியின் கையெழுத்து, சீல், தேதி. தகப்பனார் பெயரும் குற்ற எண்ணும் முதல் தகவல் அறிக்கையில் உள்ளபடியே இருக்கின்றனவா என்றும் பாருங்கள். 'முருகேசன்' ஒன்றில் 'முருகேஷ்' என்று இருந்தால் எங்கேயாவது இடிக்கும்.

7. ஜாமீனும் நாள் கணக்கும்

ஜாமீன் மனு போட்டதும் அரசு வக்கீலுக்கு நோட்டீஸ் போகும். அவர் பதில் சொல்ல வாய்தா வாங்குவார். மாஜிஸ்திரேட் தள்ளுபடி செய்தால் அமர்வு நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம். ஒவ்வொரு படியிலும் சட்ட உதவி வக்கீல் கிடைப்பார். ஆனால் உயர் நீதிமன்றத்துக்கு வேறு வக்கீல். காகிதங்களை மாவட்ட அலுவலகமே அனுப்பி வைக்கும். அனுப்பிய தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தென்மாவட்டம் என்றால் அது மதுரைக் கிளைக்குப் போகும்.

உங்கள் வீட்டுக் காலண்டரில் ரிமாண்ட் தேதியைச் சுழித்து, அந்த நாளையும் சேர்த்து எண்ணத் தொடங்குங்கள். பத்து வருடமோ அதற்கு மேலோ தண்டனை தரக்கூடிய குற்றமென்றால் 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கட்டாயம் கிடைக்க வேண்டும்; வழக்கின் தன்மையைக் காட்டி மறுக்க முடியாது. போதைப்பொருள், பயங்கரவாதத் தடுப்பு போன்ற தனிச் சட்டங்களில் மட்டும் கணக்கு நீளும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கெடு தாண்டினால் கதவு தானாகத் திறக்காது, மனு போட வேண்டும். 61-ஆம் நாள் மனு போடாமல் இருந்து, 62-ஆம் நாள் போலீஸ் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்துவிட்டால் அந்த உரிமை போயிற்று. 55-ஆம் நாளிலிருந்தே வக்கீலுக்கு நினைவூட்டுங்கள். அவர் கையில் எத்தனையோ கட்டு. உங்கள் கையில் ஒன்றே ஒன்று. தினமும் போன் போட்டு அரிக்க வேண்டியதில்லை. வாய்தாவுக்கு முந்தைய நாள் சாயங்காலம் ஒரு போன், வாய்தா முடிந்ததும் அடுத்த தேதி என்ன என்று ஒரு போன். நான் அப்படித்தான் வைத்துக்கொண்டேன், அவரும் சலித்துக்கொள்ளவில்லை.

வழக்கு இழுத்துக்கொண்டே போய் ஆள் உள்ளேயே இருந்தால் பி.என்.எஸ்.எஸ்.ஸின் 479-ஆம் பிரிவைப் பற்றிக் கேளுங்கள். அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் உள்ளே கழித்துவிட்டால் ஜாமீனில் விடலாம். முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் கிடைக்காது.

8. ஜாமீன் கிடைத்த பிறகுதான் அலைச்சலே

"தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தார்" என்று உத்தரவு வந்ததும் நான் இருபதாயிரத்துக்கு எங்கே போவது என்று அழுதேன். பணமாகக் கட்ட வேண்டியதில்லை. ஆள் வாய்தாவுக்கு வராமல் ஓடிவிட்டால் அந்தத் தொகைக்கு நாங்கள் பொறுப்பு என்று இரண்டு பேர் எழுதிக் கொடுப்பது, அவ்வளவுதான். இதை வைத்தே 'டெபாசிட்' என்று காசு பிடுங்கும் புரோக்கர்கள் உண்டு. ரொக்கமாகக் கட்டச் சொல்லும் உத்தரவு வேறு. அப்படி இருந்தால் உத்தரவிலேயே தெளிவாக எழுதியிருக்கும். வக்கீலிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஜாமீன்தாருக்கு என்ன காகிதம் வேண்டும் என்பது கோர்ட்டுக்குக் கோர்ட் கொஞ்சம் மாறும். பொதுவாக ஆதார், குடும்ப அட்டை, போட்டோ, அவர் பெயரில் நடப்பு ஆண்டு வீட்டு வரி ரசீது. சில கோர்ட்டில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்பார்கள். பெஞ்ச் கிளார்க்கிடம் முதல் நாளே கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

எங்கள் சித்தப்பா வந்தார். ரசீதை நீட்டினால் அது எங்கள் தாத்தா பெயரில் இருக்கிறது. அவர் செத்துப் பதினோரு வருடம். வரி மட்டும் அவர் பெயரிலேயே கட்டிக்கொண்டிருக்கிறோம். கோர்ட் ஏற்கவில்லை. பக்கத்துத் தெரு அக்கா தன் வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைத்து, அன்றே பாக்கி வரியைக் கட்டி, மறுநாள் அழைத்து வந்தார். மாஜிஸ்திரேட் அவரிடம் இரண்டே கேள்வி கேட்டார்: "இவரை எவ்வளவு நாளாத் தெரியும்? ஓடிட்டா பணம் கட்டணும், தெரியுமா?" ஜாமீன்தாரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அங்கே போய் முழித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "ஆள் நாங்க தர்றோம், ஆளுக்கு மூவாயிரம்" என்று வாடகை ஜாமீன்தாரைக் கொண்டுவருபவர்களிடம் போகவே போகாதீர்கள். போலிக் காகிதம் என்று தெரிந்தால் ஜாமீன் ரத்தாவதோடு புது வழக்கும் வரும்.

யாருமே கிடைக்கவில்லையா? விட்டுவிடாதீர்கள். உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று போட்ட உத்தரவு ஒன்று இருக்கிறது. ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஆள் வெளியே வராவிட்டால், சிறை அதிகாரி மாவட்ட ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பிணை கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே பார்க்கலாம். அந்த ஒரு மாதம் வரை பொறுத்திருக்கவும் தேவையில்லை. தளர்த்தக் கோரி வக்கீலே மனு போடலாம். ஏழைக் கைதிகளின் பிணைத் தொகையைக் கட்டுவதற்கு மத்திய அரசுத் திட்டமும் உண்டு. 2023-இல் கொண்டுவந்தபோது விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை என்று வைத்தார்கள். இதற்கும் ஆணைக்குழு வழியாகத்தான் கேட்க வேண்டும்.

பிணைப் பத்திரம் ஏற்றதும் விடுதலை உத்தரவு சிறைக்குப் போகும். சாயங்காலம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் மறுநாள் காலைதான் விடுவார்கள். நான் ராத்திரி ஒன்பது மணி வரை கேட் முன் நின்று, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டேன்.

வெளியே வந்ததும் நிபந்தனைக் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். தினமும் காலை 10 மணிக்கு ஸ்டேஷனில் என்று இருந்தால் 10 மணிதான். ஒரு நாள் தவறினாலும் ஜாமீனை ரத்து செய்யக் கேட்பார்கள். வாய்தாவுக்குப் போகாவிட்டால் பிடிவாரண்ட். இ-கோர்ட்ஸ் செயலியில், ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து 16 இடம் கொண்ட சி.என்.ஆர். எண்ணைப் போட்டு வைத்தால் அடுத்த தேதி தெரியும்.

9. உண்மையில் எவ்வளவு செலவாகும்

வக்கீல் கட்டணம், கோர்ட் கட்டணம், நோட்டீஸ் செலவு, சான்றிட்ட நகல், மேல்முறையீட்டுக்கான மொழிபெயர்ப்பு எல்லாம் ஆணைக்குழுவின் பொறுப்பு. உங்கள் கையிலிருந்து போவது பஸ், ஜெராக்ஸ், போட்டோ, உறுதிமொழிப் பத்திரச் செலவு, ஜாமீன்தார்களின் ஒருநாள் கூலியும் சாப்பாடும். 23-ஆம் நாளுக்குப் பிறகு எனக்கு மொத்தமாக ஆனது 4,200 ரூபாய்க்குள். அதில் பாதி சிறைக்குப் போய்வந்த பஸ் செலவு.

சட்ட உதவி வக்கீலோ அவருடைய குமாஸ்தாவோ "டீ செலவுக்கு" என்று கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை. வாங்குவது விதிமீறல். எங்களுக்கு வந்த இளம் வக்கீலுக்கு நானே சந்தோஷத்தில் 500 ரூபாயை நீட்டினேன். "அக்கா, இதை வாங்கினா என் வேலை போயிடும்" என்று சிரித்தார்.

10. வக்கீல் சரியில்லை என்றால்

எல்லாருக்கும் அப்படிப்பட்டவர் அமைவார் என்று சொல்ல மாட்டேன். வாய்தாவுக்கு வரவில்லை, உள்ளே போய்ப் பார்க்கவில்லை, காசு கேட்டார் என்றால், தேதிகளோடு ஆணைக்குழுச் செயலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். வக்கீலை மாற்றிக் கேட்கலாம். ஆனால் இன்னார்தான் வேண்டும் என்று கேட்டால் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அங்கே அசையாவிட்டால் மாவட்ட நீதிபதி, அதற்கும் மேல் மாநில ஆணைக்குழுவின் உறுப்பினர்-செயலர். கொலை போன்ற, ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய வழக்கென்றால் ஒன்றைக் கவனியுங்கள். அத்தகைய வழக்குகளில் கோர்ட் நியமிக்கும் வக்கீலுக்குக் குறைந்தது 10 வருட அனுபவம் வேண்டும், தயாராகக் குறைந்தது 7 நாளாவது தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருக்கிறது.

இன்னொன்று. சின்ன வழக்குகளில் "ஒத்துக்கோ, ஃபைன் கட்டிட்டு இன்னைக்கே போயிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். ஒப்புக்கொண்டால் அது தண்டனைதான். பிறகு பாஸ்போர்ட்டுக்கோ அரசு வேலைக்கோ போலீஸ் விசாரணை வரும்போது அது எழுந்து நிற்கும். சட்ட உதவி வக்கீலிடம் கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

11. தண்டனை வந்துவிட்டால்

தீர்ப்பு நகல் உடனே, இலவசமாகத் தர வேண்டும். கோர்ட்டை விட்டுக் கிளம்புவதற்குள் கேளுங்கள். அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள், உயர் நீதிமன்றத்தில் என்றால் 60 நாள். உள்ளே இருப்பவர் சிறை அதிகாரியிடம் மேல்முறையீட்டைக் கொடுத்தாலே போதும். அவர் கோர்ட்டுக்கு அனுப்பி வைப்பார். நாள் தாண்டியிருந்தாலும் தாமதத்தை மன்னிக்கக் கோரி மனு போடலாம். அந்த மனுவையும் மேல்முறையீட்டையும் சட்ட உதவி வக்கீலே எழுதுவார். விசாரணையின்போது தனியார் வக்கீல் வைத்திருந்தவர்களும் இந்தக் கட்டத்தில் வரலாம், உள்ளே இருப்பவருக்கு வருமானம் கேட்பதில்லை.